எந்த வாலை?

நம்மூர் மதுக்கடையில் விற்கிற பிராந்தி, ரம், ஜின், வோட்கா எதை எடுத்தாலும் லேபிளின் ஒரு மூலையில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் தெருவோரத்தில் கிடக்கும் காலி பாட்டிலைக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ஒன்றும் பஞ்சமில்லை. 40 என்றால் புரிகிறது, 45 என்றாலும் புரிகிறது. அதென்ன 42.8?

அது வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. பிரிட்டிஷ் சுங்க இலாகாவுக்குச் சாராயத்தின் வீரியத்தை அளக்க ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. பார்த்தலோமியூ சைக்ஸ் என்பவர் உருவாக்கிய மானியை 1816-இல் சட்டப்படி ஏற்றுக்கொண்டார்கள். அந்த மானிப்படி ‘புரூஃப்’ என்று முத்திரை பெற்ற சாராயத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 57.1 பங்கு ஆல்கஹால். அதை முழுசாக 100 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 75 டிகிரி எவ்வளவு? 57.1-ஐ முக்காலால் பெருக்குங்கள். 42.8 வரும். மானி மியூசியத்துக்குப் போய்விட்டது. அந்த அளவு மட்டும் இன்னும் நம்மூர் பாட்டிலில் இருக்கிறது.

சர்க்கரை ஆலையிலும் அதை ஒட்டிய டிஸ்டில்லரியிலும் ரசாயனராக முப்பத்தொரு வருஷம் இருந்தவன் என்பதால் உறவினர்கள் மத்தியில் எனக்கு ஒரு தவறான பெயர் உண்டு. சாராயம் சம்பந்தமான சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் வரும். போன மாதம் மைத்துனர் மகன் கோவாவிலிருந்து போன் பண்ணினான். இரண்டு கூட்டாளிகளோடு சின்னதாக ஒரு டிஸ்டில்லரி, வோட்காவும் லிக்யூரும் போடப் போகிறார்களாம். “மாமா, பாட் ஸ்டில் வாங்கறதா, காலம் ஸ்டில் வாங்கறதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றான். தொழில்முறை பதிலைச் சொல்லிவிட்டேன், அது பின்னால் வருகிறது. ஆனால் போனை வைத்தபிறகு வேறொன்று மனசில் ஓடியது. காவிரிக்கரையில் இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஒரு வடிப்பவனுக்கு இருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்தப் பாத்திரத்தில் வடிப்பது என்பதை இங்கே முடிவு செய்தது குடிப்பவன் நாக்கும் இல்லை, விளைந்த பயிரும் இல்லை. வரி வசூல்.

முதலில் பெயர். ஸ்டில் என்பதற்குத் தமிழில் அழகான பழைய சொல் இருக்கிறது: வாலை. சித்த வைத்தியர்கள் இன்றும் சொல்வார்கள். வாலையில் இட்டு வடித்தது தீநீர். தஞ்சாவூர்க் குழந்தைகள் வயிற்று வலிக்குக் குடித்து வளர்ந்த ஓமவாட்டர் முறைப்படி செய்தால் ஓமத் தீநீர்தான். ஆக வடிப்பது என்கிற வித்தை நமக்கு அன்னியம் இல்லை. அராக் என்கிற சொல்லோ அரபிக்காரர்களுடையது. அரபியில் அதற்கு வியர்வை என்று பொருள். சட்டியின் வாயில் முத்து முத்தாக ஆவி கட்டி வழிவதைப் பார்த்த எவனோ வைத்த பெயர், சரியான பெயர்.

பழைய நாட்டு வாலை இரண்டு விதம். ஒன்றில் அடிச் சட்டிக்கு மேலே இன்னொரு பானை, அதன் தலையில் குளிர்ந்த தண்ணீர் வைத்த குழிச் சட்டி. ஆவி மேலே போய்க் குளிர்ந்த அடிப்பாகத்தில் பட்டு, உள்ளேயே தொங்கும் சின்னக் கலயத்தில் சொட்டும். இன்னொன்றில் பானையின் பக்கவாட்டில் மூங்கில் குழாய், குழாயின் மறுமுனை தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய குடத்துக்குள். சந்து பொந்தெல்லாம் களிமண்ணால் பூசி அடைப்பார்கள். அவ்வளவுதான் இயந்திரம். குயவரும் மூங்கிலும் போதும். இதே குடும்பத்து மண்பாத்திரங்கள் தட்சசீலம் பக்கம் அகழாய்வில் கிடைத்ததை வைத்து, வடித்தல் கலையின் தொட்டிலே இந்தியாதானோ என்று ஆல்ச்சின் என்ற ஆய்வாளர் 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

உள்ளே போட்டது என்ன? பெரும்பாலும் வெல்லம், கூடவே வெள்வேல மரத்தின் பட்டை. பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால்தான் வந்தது. மரத்துக்கே பட்டைச்சாராய மரம் என்று ஒரு பெயர் உண்டு. பட்டையின் துவர்ப்புச் சத்து ஊறலில் இருக்கும் புரதக் கசடைத் திரட்டிக் கீழே தள்ளும். ரசாயனம் படித்துவிட்டு வேலைக்குப் போன எனக்கு, படிக்காதவன் ஒருவன் இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்பதில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊரில் அரிசியிலிருந்து ஏன் வடிக்கவில்லை என்று கேட்கலாம். அரிசிக் கள் இருந்தது. தோப்பி என்று சங்க இலக்கியம் அதற்குப் பெயர் சொல்கிறது. சோற்றைக் களியாகத் துழாவி, ஆற்றி, புளிக்க வைக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை கிட்டத்தட்ட சமையல் குறிப்பு போலவே தருகிறது. ஆனால் அது ஊறிய கள், வடித்த சாராயம் இல்லை. அரிசியில் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக மாற்றியாக வேண்டும், அதற்கு முளைகட்டிய தானியமோ பூஞ்சையோ வேண்டும். வெல்லத்துக்கும் கள்ளுக்கும் அந்தப் பாடே இல்லை, சர்க்கரை கையிலேயே இருக்கிறது. மேலும் பக்கத்துத் தோப்பில் தென்னையும் பனையும் நிற்கும்போது சோற்றுப் பானையில் யார் கை வைப்பார்கள்?

இப்போது வரி. நவாப் காலத்திலிருந்து கம்பெனி காலம் வரை சாராயமும் கள்ளும் குத்தகை. ஒரு பகுதியில் காய்ச்சி விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவன் அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டுப் போவான். அவன் எத்தனை சட்டி வைக்கிறான், என்ன வீரியத்தில் வடிக்கிறான் என்பதெல்லாம் அவன் பாடு. அரசுக்கு இது சௌகரியம், ஆனால் வயிற்றெரிச்சலும் கூட. எவ்வளவு விற்றது என்று தெரியாமல் குத்தகைத் தொகையை எப்படி உயர்த்துவது? தெரிய வேண்டுமானால் அளக்க வேண்டும். ஆயிரம் குடிசைக்குப் பின்னால் ஆயிரம் மண்சட்டி கொதிக்கும்போது எதை அளப்பது? ஒவ்வொரு சட்டியிலும் வருவது ஒவ்வொரு வீரியம். சைக்ஸ் மானியைத் தூக்கிக்கொண்டு எத்தனை வரப்பு நடப்பது?

சென்னை ராஜதானியில் 1884-இல் இதற்காகவே ஒரு குழு உட்கார்ந்தது. 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள்ளுக்கு மரவரி: இறக்குகிற ஒவ்வொரு மரத்துக்கும் இவ்வளவு என்று. மரம் ஓடிப்போகாது, எண்ணிவிடலாம். சாராயத்துக்கு வேறு வழி. எல்லா வடிப்பையும் சில பெரிய ஆலைகளுக்குள் கொண்டுவந்து, ஆலையின் வாசலில் அதிகாரியை உட்கார வைத்து, வெளியே போகும் ஒவ்வொரு காலனுக்கும் புரூஃப் கணக்கில் தீர்வை. வாசல் ஒன்று, பூட்டு ஒன்று, மானி ஒன்று. கிராமத்துச் சட்டி அன்றோடு குற்றவாளி.

இந்தப் பெரிய ஆலைக்கு ஏற்ற வாலை ஏற்கனவே அயர்லாந்தில் பிறந்து தயாராக இருந்தது. அதைச் செய்தவர் ஈனியஸ் காஃபி. சாராயம் காய்ச்சியவர் இல்லை, வரி வசூலித்தவர், ஐரிஷ் எக்சைஸ் இலாகாவின் பெரிய அதிகாரி. 1810-இல் டோனகல் பகுதியில் கள்ளச் சாராயக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அவரை அடித்துப் போட்டார்கள். மண்டை உடைந்து பிழைத்தார். இலாகாவை விட்டபின் டப்ளினில் தானே ஒரு ஆலை நடத்தினார். 1830-இல் தன் தொடர் வடிகலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஐரிஷ்காரர்கள் ருசி இல்லை என்று அதைத் தள்ளினார்கள். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் எடுத்துக்கொண்டன. பிறகு அது உலகம் முழுக்கப் போனது. அடி வாங்கிய எக்சைஸ்காரர் கட்டிய வாலைதான் கடைசியில் எல்லா நாட்டு எக்சைஸ் இலாகாவுக்கும் பிடித்துப்போனது. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டி வாலை ஒரு ஈடு, ஒரு ஈடாக நடக்கும். ஊறலை நிரப்பு, காய்ச்சு, வடி, கசடைக் கொட்டு, கழுவு, மறுபடி நிரப்பு. 8 சதவீத ஊறலைப் போட்டால் முதல் வடிப்பில் 25 சதவீதம் போல வரும், அதை மறுபடி வடித்தால் 65, 70 வரை போகும். காஃபியின் வாலை இரண்டு உயரமான கோபுரங்கள். உள்ளே தட்டுத் தட்டாக ஓட்டை போட்ட தகடுகள். மேலிருந்து ஊறல் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்ன வடிப்பு நடக்கிற மாதிரி. நிறுத்தவே வேண்டாம், ராத்திரி பகலாக ஓடும். மேலே 95 சதவீதம் வெளியே வரும். நாங்கள் ஆலையில் எடுத்த ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டை ‘66 ஓவர் புரூஃப்’ என்பார்கள். அதுவும் சைக்ஸ் கணக்குதான்: 166-ஐ 57.1-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 94.8.

இந்த வித்தியாசத்தில் ருசி எங்கே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 95 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால் அது வெல்லத்திலிருந்து வந்ததா, அரிசியா, திராட்சையா என்று மூக்குக்கு அதிகம் தெரியாது. மூலப் பொருளின் வாசனையைக் கொண்டுவரும் சின்னச் சின்னக் கூட்டுப்பொருள்கள் தட்டுகளிலேயே பிரிந்து தனி வழியில் இறங்கிவிடும். சட்டி வாலையில் அவை கூடவே வரும், நல்லதும் கெட்டதுமாக. ஆகவே வடிப்பவன் தலை, நடு, வால் என்று பிரித்துத் தலையையும் வாலையும் ஒதுக்கி நடுவை எடுக்க வேண்டும். அது கைப்பழக்கம். கோபுர வாலையில் கைப்பழக்கத்துக்கு வேலை குறைவு, மீட்டருக்கு வேலை அதிகம்.

நம் பக்கத்துக்கு நெருங்கிய உதாரணம் தென்னாற்காட்டு நெல்லிக்குப்பம். பாரி கம்பெனி 1842-இல் அங்கே சர்க்கரை ஆலை தொடங்கியது, பிறகு சாராய வடிப்பும் சேர்ந்தது. 1897-இல் இதற்கென்று ஏற்பட்ட நிறுவனத்தின் பெயரிலேயே வரிசை தெரியும்: ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ். டிஸ்டில்லரி முதலில், சர்க்கரை பிறகு. எங்கள் ஆலையில் இருந்த ஒரு மூத்த ஃபோர்மேன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், “சர்க்கரை பொழுதுபோக்குக்குப்பா” என்று.

சர்க்கரையும் சாராயமும் ஒரே கூரைக்குக் கீழே வந்ததுதான் தஞ்சைத் தென்னந்தோப்புக்கு வினையாக முடிந்தது. காரணம் எளிது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு, நாங்கள் மொலாசஸ் என்போம், டாங்கியில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். ரயில் ஏறும், லாரி ஏறும். கள் அப்படி இல்லை. விடியற்காலையில் இறக்கியது மதியத்துக்குள் பொங்கும், மறுநாள் காடியாகத் திரும்பும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, ஆனால் அப்போது அது பதநீர். கள்ளை வடிக்க வேண்டுமானால் வாலை தோப்புக்கு நாலைந்து மணி நேர தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது நிறைய சின்ன வாலைகள், ஊர் ஊராக. எதை ஒழிக்கத்தான் 1886-இல் சட்டம் போட்டார்களோ, அதுவே வேண்டும்.

கடல் தாண்டினால் வேறு கதை. இலங்கையில் தென்னங்கள் சாராயம் ஒரு பெரிய தொழிலாகவே நின்றது. மேற்குக் கரை ஓரமாகத் தோப்புகளும் வடிசாலைகளும் சேர்ந்தே வளர்ந்தன. அங்கேயும் குத்தகைதான், அங்கேயும் குத்தகைக்காரர்கள்தான் பணக்காரர் ஆனார்கள். பிறகு அங்கேயும் கோபுர வாலை வந்தது. ஆனால் சட்டி வாலை முழுக்க அழியவில்லை. வடித்ததை ஹல்மில்லா மரத் தொட்டிகளில் வருஷக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தது இந்த மரத்துக்குத்தான். கோடியக்கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம் என்றாலும் படகுக்கு எட்டிய தூரம். அந்தக் கரையில் தென்னை பெயர் சொல்லும் ஒரு சரக்கு இருக்கிறது, இந்தக் கரையில் இல்லை.

மதுவிலக்கின் கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஓட்டமாகச் சொல்கிறேன். 1921-இல் கள்ளுக்கடை மறியல். பெரியார் தன் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்த வருஷங்கள் அவை. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். சாராயக் கடை மூடியதற்கான பில்லை இன்றுவரை பாத்திரக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 1948-இல் ராஜதானி முழுக்க விலக்கு. 1971-இல் கலைஞர் தளர்த்தி, 1974-இல் மறுபடி மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 1987-இல் கள்ளும் சாராயமும் நின்றன. 2003-இலிருந்து சில்லறைக் கடையும் அரசிடமே. இதற்கு நடுவே காரைக்கால் என்று ஒன்று, முன்பு பிரெஞ்சுக்காரர் சட்டம், இப்போது புதுச்சேரி சட்டம். நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று மேப் பார்க்காமலே தெரியும்.

இந்த நூறு வருஷமும் சேர்ந்து வாலைக்கு என்ன செய்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். இரண்டே வகை மிஞ்சின. ஒன்று மிகப் பெரியது, அரசாங்கமே உள்ளே வந்து உட்காரும் அளவுக்குப் பெரியது. நான் வேலை பார்த்த இடத்தில் ஸ்பிரிட் டாங்கிக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி எங்களிடம், ஒரு சாவி எக்சைஸ் அதிகாரியிடம். இரண்டும் சேராமல் ஒரு சொட்டு நகராது. வாலையிலிருந்து வருவது கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும். பார்க்கலாம், தொட முடியாது. மொலாசஸுக்குக்கூடக் கணக்கு. இன்னொரு வகை மிகச் சின்னது, போலீஸ் விசில் கேட்டதும் விட்டுவிட்டு ஓடக்கூடியது. அலுமினியப் பானை, தகர டின், சைக்கிள் டியூப். வாய்க்கால் ஓரம், கொள்ளிடத்துப் படுகை நாணலுக்குள். ஏன் எப்போதும் தண்ணீர் ஓரம்? ஒளிய மட்டுமில்லை, ஆவியைக் குளிர வைக்க. நடுவிலே இருந்திருக்க வேண்டிய ஒன்று, அதாவது ஒருவன் தன் பெயர்ப் பலகை மாட்டி, நல்ல செம்பில் செய்து, மகனுக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடிய நடுத்தர வாலை, இந்தப் பக்கம் இல்லவே இல்லாமல் போனது. கும்பகோணத்துக் கன்னார்களுக்குச் செம்பும் பித்தளையும் ஈயப் பூச்சும் கைவந்த வேலை. கேட்க ஆள் இருந்திருந்தால் செய்து கொடுத்திருப்பார்கள்.

இங்கே கள்ளச் சாராயச் சாவு பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். ‘வாலையில் தப்பாக வடித்துவிட்டார்கள்’ என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வெல்லத்தையோ அரிசியையோ வடித்தால் வரும் மெத்தனால் மிகச் சொற்பம். ஆளைக் கொன்றது தொழிற்சாலைக்கென்று தயாரித்து, திருட்டு வழியில் வெளியே வந்து, சாராயம் என்ற பெயரில் விற்கப்பட்ட மெத்தனால். அங்கே வாலைக்கே வேலை இல்லை. டின்னில் வந்ததைத் தண்ணீரில் கலந்தார்கள், அவ்வளவுதான். முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் மெத்தனால் எல்லாம் போய்விடும் என்று இன்னொரு நம்பிக்கை. கொதிநிலை 64.7 டிகிரி என்று புத்தகத்தில் இருப்பதால் வந்த நம்பிக்கை. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த சட்டியில் அது அப்படிச் சுத்தமாகப் பிரிந்து முதலில் வந்துவிடாது. கலந்த விஷத்தை மறுபடி காய்ச்சிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, மைத்துனர் மகனுக்குச் சொன்னது. வோட்கா என்பது வாசனையே இல்லாமல் இருப்பதற்காகவே செய்யப்படும் பொருள். ஐரோப்பாவில் அதற்கு அடிப்படையான ஸ்பிரிட் 96 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தச் சுத்தத்துக்கு உயரமான கோபுரம் வேண்டும், நிறையத் தட்டுகள் வேண்டும், இடைவிடாமல் நீராவி வேண்டும். சின்ன முதலுக்கு அது யானை வளர்க்கிற மாதிரி. பெரிய ஆலையிலிருந்து நியூட்ரல் ஸ்பிரிட்டை வாங்கி வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பது எளிது. லிக்யூருக்கு அதே ஸ்பிரிட்டில் நாரத்தைத் தோலோ நன்னாரியோ ஊறவைத்தால் போதும், வாலையே வேண்டாம். வேண்டுமானால் மறுவடிப்புக்கு ஒரு சின்னச் செம்புச் சட்டி. 2017-க்குப் பிறகு கோவாவில் வந்த புது ஜின் கம்பெனிகள் பலவும் இந்த வழிதான்: ஸ்பிரிட்டை வெளியே வாங்கு, வாசனையை உள்ளே வடி.

சொந்தமாக ஊறல் போட்டு வடிப்பது என்றால் கணக்கு இப்படி. 500 லிட்டர் சட்டி, 8 சதவீத ஊறல். உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 40 லிட்டர். தலையும் வாலும் கழித்து 32 லிட்டர் தேறினால் நல்ல கை. அதை 42.8-க்கு இறக்கினால் 75 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் 100. ஒரு முழு நாள் வேலை, விறகோ கேஸோ தனி. “நூறு பாட்டில்தானா மாமா?” என்றான். நூறுதான். ஆகவே ஒரு பாட்டிலுக்கு நல்ல விலை கொடுக்கிற ருசி அதில் இருந்தால் மட்டும் இறங்கு, இல்லையென்றால் ஸ்பிரிட்டை வாங்கிக்கொள் என்றேன். சட்டியின் தலையில் நாலைந்து தட்டு வைத்த கலப்பு வாலையும் இப்போது கிடைக்கிறது, தட்டைத் திறந்து மூடி இரண்டு விதமாகவும் ஓட்டலாம். வியாபாரிகள் அதைத்தான் தள்ளப் பார்ப்பார்கள். ஒன்றுக்கு இரண்டு வேலை செய்யும் கருவி இரண்டையும் சுமாராகத்தான் செய்யும் என்பது என் ஆலை அனுபவம்.

யாரும் கேட்காத ஒன்றையும் கேட்டேன்: தண்ணீர் எத்தனை டிகிரி? ஐரோப்பியக் கம்பெனி கொடுக்கும் குளிர்விப்பான் 15 டிகிரித் தண்ணீரை நம்பிச் செய்தது. நம் போர் தண்ணீர் 28, 30. என் கணக்குப்படி 30 டிகிரித் தண்ணீர் வைத்து ஒரு லிட்டர் வடிக்க இருபது லிட்டருக்கு மேல் குளிர்நீர் ஓட வேண்டும். அதைத் திரும்பக் குளிரவைக்க ஒரு கூலிங் டவர். ஊறல் தொட்டியும் 35 டிகிரிக்கு மேலே போனால் ஈஸ்ட் திணறும். வடித்து முடித்தபின் மிஞ்சும் கழிவுநீர் இன்னொரு தலைவலி. மொலாசஸ் ஆலையில் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குப் பத்து லிட்டருக்கு மேல் கருப்புத் தண்ணீர் வரும். அதை வாய்க்காலில் விட்டால் ஒரு போகம் போய்விடும், மீன் மிதக்கும். வாலை விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த இரண்டிலும்தான் மாட்டுவார்கள்.

அரிசி தேசத்தில் சட்டி வாலை பிழைக்காது என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் ஒகினாவாவில் அவமோரி என்று ஒன்று. கருப்புப் பூஞ்சை வைத்து அரிசியை ஊறப் போட்டு, சட்டி வாலையில் ஒரே தரம் வடிப்பது. அங்கேயும் ராஜாங்கம் கட்டுப்படுத்தியது, சில ஊர்களில் மட்டும் அனுமதி கொடுத்தது. ஆனால் சட்டியைப் பிடுங்கவில்லை. இதில் வேடிக்கை, அவமோரிக்குப் போகிற அரிசி பெரும்பாலும் தாய்லாந்து நீள அரிசி. கோவாவில் முந்திரிப் பழ ஃபெனி சின்னச் சின்னப் பட்டிகளிலேயே பிழைத்து, 2009-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தஞ்சாவூர் தட்டும் வீணையும் தலையாட்டிப் பொம்மையும் வாங்கிய அதே குறியீடு.

நம் டெல்டாவின் குருணை இப்போது வடிப்புக்குப் போகாமல் இல்லை. எத்தனால் ஆலைகள் நாடு முழுக்க அரிசி கேட்கின்றன. ஒரு டன் குருணையில் 450 லிட்டர் போல எடுக்கலாம். எல்லாம் கோபுர வாலை, எல்லாம் பெட்ரோல் டாங்கிக்கு. 2023 ஜூலையில் அரிசி கையிருப்புக் கவலையில் உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியதும், பிறகு மறுபடி திறந்ததும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

தென்னைக்கு அதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. கள் இறக்க அனுமதி வேண்டும் என்று தென்னை விவசாயிகள் அதற்கு முன்பும் கேட்டார்கள், பின்பும் கேட்கிறார்கள். 2017-இல் அரசு புளிக்காத நீராவுக்கு மட்டும் சம்மதித்தது. நீராவைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், தோப்பிலிருந்து கடை வரை ஐஸ் பெட்டி. புதிதாக நட்ட கன்று பலன் தர ஐந்தாறு வருஷம். அந்த மரங்கள் இப்போது பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. தேங்காய் விலை ஏறினால் யாரும் கள்ளைப் பற்றிப் பேசுவதில்லை, இறங்கினால் மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறார்கள்.

ஓமத் தீநீர் வடிக்கும் வாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். அது தனியாக எழுத வேண்டிய விஷயம், அடுத்த மாதம் பார்க்கலாம்.